லென்ஸுக்கு ஒரு மானிட்டர்

உலகத்தை ஒரு நேரத்தில் அரை இஞ்சுக்கு மேல் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்த மனிதர் ஆரணியில் ஒருவர்தான். வீட்டில் வைத்த பெயர் அவருடைய ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ஊருக்கு அவர் லென்ஸ். ஆபீசுக்குப் போன் செய்கிறவர்கள்கூட "லென்ஸ் இருக்காருங்களா?" என்றுதான் கேட்பார்கள். அவரே எடுத்து, "இருக்காரு, சொல்லுங்க" என்பார்.

பட்டுச் சேலையில் இழை எண்ணுவதற்கென்று ஒரு லென்ஸ் உண்டு. மடக்கினால் தீப்பெட்டி, விரித்தால் சின்ன முக்காலி. துணிமேல் வைத்துக் குனிந்தால் அரை இஞ்ச் துணி அரண்மனை மாதிரி விரியும். மற்றவர்கள் அதை வேலை நேரத்தில் பயன்படுத்துவார்கள். இவர் தோசைக்கும் பயன்படுத்துவார். ஓட்டலில் தோசைமேலேயே லென்ஸை நிறுத்தி, முறுகலை ஆராய்ந்து, "இந்தப் பக்கம் அடர்த்தி கம்மிப்பா" என்று சப்ளையரைக் கூப்பிட்டுக் காட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் பெண்ணுக்கு வந்த மாப்பிள்ளையின் போட்டோவை ஆசையாக நீட்டினார். லென்ஸை வைத்து ஐந்து நிமிடம் பார்த்தவர், "பையன் நல்லாத்தான் இருக்கான். மூக்குல மட்டும் நாலு புள்ளி உட்டுப்போச்சு" என்றார். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் நின்றுபோனது என்று நம்ப விரும்புகிறேன்.

நான் பி.சி.ஏ. முடித்துவிட்டு, மூன்றே மாதத்தில் சென்னைக்குப் போய்விடுவேன் என்று வீட்டில் சபதம் செய்துவிட்டு, அதுவரை சும்மா இருப்பானேன் என்று ஒரு சேலை டிசைன் சென்டரில் சேர்ந்தேன். மூன்று வருடம் இருந்தேன். அங்கேதான் லென்ஸ் தலைமை டிசைனர். துணை டிசைனர் நான். முதலாளியைத் தவிர வேறு ஆள் கிடையாது. கம்ப்யூட்டரைத் தொட்ட எல்லோரும் அவருக்கு இன்ஜினியர் என்பதால், முதல் நாளே எனக்கு 'இன்ஜினியரம்மா' என்று பட்டம் கொடுத்துவிட்டார்.

வேலை எளிது, சொல்வதற்கு மட்டும். சேலைக் கரையில் வரும் மாங்காய், மயில், கொடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரு கட்டம் என்பது தறியில் ஒரு இழை தூக்குவது. ஒரு கட்டம் தப்பினால், கரை நெடுக அந்தத் தப்பு திரும்பத் திரும்ப வரும். சேலையை மடித்துக் கொண்டுபோனதும் ஜவுளிக்காரர் அதைத் தள்ளி வைத்துவிட்டால், ஒரு வீட்டில் பதினைந்து நாள் இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தது வீண். இது லென்ஸுக்கு எப்போதும் நினைவில் இருக்கும். அவர் போட்ட டிசைனில் இதுவரை ஒரு கட்டம் தப்பியதில்லை. இதை அவர் சொல்லிக்கொண்டதே கிடையாது. ஊர்தான் சொல்லும். நெசவாளர்கள் டிசைனை வாங்கும்போது யார் போட்டது என்று கேட்பார்கள். லென்ஸ் என்றால் திறந்துகூடப் பார்க்காமல் தறியில் ஏற்றிவிடுவார்கள்.

அவருடைய பெரிய பெருமை அன்னக்கரை. எட்டு அன்னம், நாலு ஜோடி, ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவே வேறு வேறு பூ. இருபத்தாறு இஞ்சுக்கு ஒரு முறை முழு வரிசையும் திரும்ப வரும். அந்தக் கரை கட்டாத கல்யாணம் எங்கள் பக்கத்தில் குறைவு. ஒரு முகூர்த்தத்தில் எல்லோரும் அட்சதையோடு காத்திருக்க, இவர் மேடையோரமாகக் குந்தி, மாப்பிள்ளையின் அம்மா கட்டியிருந்த சேலையின் கொசுவத்தில் லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், இன்னாய்யா பண்ணிகினு கீற அங்க?" என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கத்தினார்.

"எண்ணிகினு இருக்கேன். செத்த அசையாம நில்லுங்கம்மா."

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பந்தியில் அவருக்கு இலை போடவில்லை. "இழை கரெக்டா இருந்திச்சு" என்று திருப்தியாக வெளியே வந்தார். கூடப் போயிருந்த எனக்கும் சேர்த்து, பஸ் ஸ்டாண்டில் பரோட்டா வாங்கினார்.

இப்படிப்பட்டவரின் கண்ணில்தான் ஒரு நாள் மண் விழுந்தது. அவர் போட்ட ஒரு மாங்காய் டிசைன். தறிக்குப் போவதற்கு முன்னால் சும்மா ஓட்டிப் பார்த்தேன். மாங்காயின் காம்புக்கு வெளியே ஒரு கட்டம் தனியாக நின்றுகொண்டிருந்தது.

"அண்ணா, இந்தக் கட்டம் வேணுமாங்க?"

வந்து குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு அந்தக் கட்டத்தை அழித்துவிட்டு, கடைக்குப் போய் இரண்டு டீ குடித்துவிட்டு வந்தார். இரண்டையும் அவரே குடித்தார். எனக்கு வாங்கிவரவில்லை. அதிலேயே விஷயம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

"இன்ஜினியரம்மா, உண்மையச் சொல்லு. என் கண்ணு போச்சா, மானிட்டர் போச்சா?"

சென்டர் திறந்த நாள் முதல் இருந்த பதினேழு இஞ்ச் சதுர மானிட்டர் அது. இடது மூலை பழுத்த இலை மாதிரி மஞ்சளாகியிருந்தது. எங்கள் இருவருக்கும் அது ஒன்றுதான். காலையில் அவர், மதியம் நான். கட்டம் தெரியும் அளவுக்குப் பெரிதாக்கினால் ஒன்றரை அன்னம்தான் அதில் அடங்கும். சின்னதாக்கி மொத்தமாகப் பார்க்கலாமே என்றால், கட்டம் தெரியாத படத்தை அவர் படம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்.

"மானிட்டர்தாண்ணா" என்றேன். கண் டாக்டரும் கண்ணில் கோளாறில்லை என்று சொல்லி, கண்ணாடியை மட்டும் மாற்றிக் கொடுத்தார். ஆக, பழி முழுவதும் மானிட்டர்மேல் விழுந்தது. முதலாளியும் தலையாட்டினார். "பெருசாவே வாங்கிக்கோங்க. ஜல்தி முடிங்க" என்றார்.

ஜல்தி. ஆறு பயணம், நாலு கடை, இரண்டரை மாதம்.

முதல் வாரம் நான் துள்ளிக்கொண்டிருந்தேன். இரவும் பகலும் வீடியோ பார்த்து மானிட்டர் உலகத்தையே கரைத்துக் குடித்தேன். ஹெர்ட்ஸ் என்ன, பேனல் என்ன, எதற்கு எது என்று ஒரு பெரிய அட்டவணை போட்டேன். லென்ஸ் அதைக் கையில் வாங்கி, "கட்டம் நேரா போட்டிருக்கியே, நல்லா இருக்குது" என்று பாராட்டிவிட்டு மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். அதன்பிறகு அதை அவர் பிரிக்கவே இல்லை.

வேலூருக்குப் பஸ். அவர் கையில் ஒரு அட்டைக்குழல், அதில் சுருட்டிய அன்னக்கரைத் துண்டு, சரியாக ஒரு வரிசை, இருபத்தாறு இஞ்ச். "இது முழுசா, சேலையில இருக்கிற அளவுக்கே தெரியணும். இவ்ளோதான் நம்ம கண்டிஷன்" என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

முதல் கடையில் எல்லா மானிட்டரிலும் மீன் நீந்திக்கொண்டிருந்தது. விற்பனைப் பையன் பளபளவென்று வந்தான்.

"சார், இது ஃபோர் கே. அந்த மீனோட செதில் பாருங்க."

"மீன் வேணாம்பா. கட்டம் காட்டு."

"கட்டம்னா, சார்?"

நான் குறுக்கிட்டு, புள்ளிகளைக் கேட்கிறார் என்று விளக்கினேன். பையன் உற்சாகமாகிவிட்டான். "இதுல புள்ளி ரொம்ப ரொம்பப் பொடிசு சார். கண்ணுக்கே தெரியாது."

லென்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கட்டம் தெரியலன்னுதானே ஆரணியிலேர்ந்து வந்துகினு இருக்கோம். இவன் கண்ணுக்கே தெரியாத கட்டத்த விக்கிறான்."

கண்ணமங்கலம் வழியாகத் திரும்பி வரும்போது யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. அதுதான் எனக்கு இன்னும் அலுப்பாக இருந்தது.

இரண்டாவது கடையில் வளைந்த மானிட்டர் காட்டினார்கள். அதைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார். "கரை இப்பிடி வளைஞ்சா சேலையத் தூக்கி மூஞ்சிலயே அடிப்பாங்க. இத காசு குடுத்து வேற வாங்கணுமா?" பிறகு பக்கத்தில் இருந்த நேரான மானிட்டரில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறக்கச் சொல்லி, அதன்மேல் லென்ஸை வைத்துக் குனிந்தார். கடையே எங்களைப் பார்த்தது.

"வெள்ளை எங்க?" என்றார்.

"அதாங்க சார், வெள்ளை."

"உள்ள செவப்பு, பச்சை, நீலம் மூணுதான் இருக்குது. வெள்ளையே இல்ல. கலப்படம்."

போலி ஜரிகையைப் பிடித்த தோரணையில் நின்றார். பையன் ஓடிப்போய் மேனேஜரைக் கூட்டிவந்தான். மூன்று நிறம் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது என்று மேனேஜரும் நானும் மாறி மாறிச் சொன்னோம். கால் மணி நேரம் கழித்து அவர் முகம் தெளிந்தது.

"ஓ. நெடுக ஓடுற பாவு ஒரு கலரு, குறுக்க ஓடுற ஊடை ஒரு கலரு போட்டா, தூரத்துல மூணாவது கலரு தெரியுமே. அந்த வேலைதானா இது? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று மேனேஜரின் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு, எதுவும் வாங்காமல் வெளியே வந்தார்.

மூன்றாவது கடையில் நான் பேசுவதையே விட்டுவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து ஏசி காற்று வாங்கினேன். இருபத்தேழு இஞ்ச் மானிட்டர் அவருக்குப் பிடித்துவிட்டது. துண்டு இருபத்தாறு, மானிட்டர் இருபத்தேழு, ஒரு இஞ்ச் மிச்சம் என்று கணக்குப் போட்டார். பில் போடச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மகிழ்ச்சியில். கடைசியாகத் துண்டை விரித்து மானிட்டரின் முகத்தில் வைத்தார். என்னை ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னார். மற்ற முனை மானிட்டரைத் தாண்டி இரண்டரை இஞ்ச் வெளியே தொங்கியது.

"இருபத்தேழுக்குள்ள இருபத்தாறு அடங்கல" என்றார் மெதுவாக.

"சார், மானிட்டர மூலைக்கு மூலை அளப்பாங்க. குறுக்கால."

"எந்த ஊர்லபா?"

"எல்லா ஊர்லயும் சார்."

"எங்க ஊர்ல வேட்டிய மூலைக்கு மூலை அளந்து வித்தா, வித்தவன அந்த வேட்டியிலயே கட்டி வெச்சிருவாங்க. அகலம் கேட்டா அகலத்தச் சொல்லணும். அது இன்னா குறுக்கால?"

"சார், இது இண்டர்நேஷனல் அளவு சார்."

"அப்ப இண்டர்நேஷனல் பேஜார்னு சொல்லு."

அங்கே வந்திருந்த மற்ற வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் தாங்கள் எடுத்து வைத்திருந்த டிவிப் பெட்டிகளைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஒருவர் லென்ஸிடம் இஞ்ச் டேப்பைக் கடன் கேட்டார். நாங்கள் மரியாதையாக வெளியேற்றப்பட்டோம்.

அடுத்த இரண்டு பயணங்களை நான் விவரிக்கப் போவதில்லை. மனிதப் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டு, என்னுடையது வேலூர்ப் பஸ்சில் முடிந்துபோனது. ஆறாவது பயணத்தில், நாலாவது கடையில் ஒரு வயதான கடைக்காரர் நாங்கள் உள்ளே நுழைந்ததுமே, "எத்தனை இஞ்ச் வேணும்னு சொல்லாதீங்க, துண்டக் குடுங்க" என்றார். செய்தி எங்களுக்கு முன்பே அங்கே போயிருந்தது. முப்பத்திரண்டு இஞ்ச் மானிட்டர் ஒன்றின்மேல் அவரே துண்டை வைத்துக் காட்டினார். இரண்டு பக்கமும் ஒரு விரற்கடை மிச்சம். ஃபோர் கே இல்லை, வளைவும் இல்லை. அதை வேறு யாரும் சீந்தவில்லை போல, பெட்டிமேல் தூசி.

பஸ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். முகம் பெட்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. கண்டக்டர் பெட்டியைப் பார்த்துத்தான் "எங்க போவணும்?" என்று கேட்டார். பெட்டி, "ஆரணி ரெண்டு" என்றது.

மறுநாள் காலை மானிட்டரை மாட்டினேன். முதலில் எதைத் திறப்பது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அன்னக்கரை. ஒரு புள்ளிக்கு ஒரு கட்டமாக, பெரிதாக்காமல், சின்னதாக்காமல், எட்டு அன்னமும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை வந்து நின்றன. சேலையையே கண்ணாடிக்குள் வைத்த மாதிரி இருந்தது. எனக்கே இரண்டரை மாத அலுப்பு மறந்துபோனது.

லென்ஸ் மானிட்டரை விட்டு நகரவில்லை. டீ வந்தது. ஆறியது. ஆடை கட்டியது.

"இன்ஜினியரம்மா, இங்க வா. இது எத்தினி?"

"எட்டுண்ணா."

"எண்ணாத. பாரு."

பார்த்தேன். முதல் ஜோடி மூக்கோடு மூக்கு. இரண்டாவது, மூன்றாவது ஜோடியும் அப்படியே. நாலாவது ஜோடியில், ஏழாவது அன்னம் ஆசையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. எட்டாவது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ஒரு அன்னத்தை வரைந்து, நகல் எடுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிக்கொண்டே வந்தவர், கடைசி ஒன்றைத் திருப்ப மறந்திருக்கிறார். ஒவ்வொரு கட்டமும் சரி. ஒரு அன்னம் முழுதாகத் தப்பு. அரை இஞ்ச் லென்ஸில் அது எப்படித் தெரியும்? அந்தத் துண்டோடு நாலு கடை ஏறி இறங்கியவள் நான். எனக்கும் தெரியவில்லை.

அவர் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. பாக்கெட்டில் இருந்த லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். "எத்தினி வூட்டுக் கல்யாணத்துல போயிருக்கும் இது. எத்தினி பேர் நெய்திருப்பாங்க. தப்பே உடமாட்டான்னு வேற சொல்லிகினு இருக்காங்க" என்றார். மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. கடைசியில், அன்னக்கரையை முதன்முதலில் நெய்த தேவிகாபுரத்து நெசவாளருக்குப் போன் போட்டார். மன்னிப்புக் கேட்பதற்கு. போனை நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த அன்னக்கரையில, எட்டாவது அன்னம்..."

"திரும்பிகினு நிக்குமே, அதானே?" என்றது போன். பின்னால் தறி ஓடும் சத்தம்.

லென்ஸ் போனுக்குப் பக்கத்தில் குனிந்தார். "உனுக்குத் தெரியுமா?"

"மொத சேலையிலயே பார்த்தேன். இங்க எல்லாருக்கும் தெரியும்."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க போட்டா தப்பு இருக்காதே. ஏதோ சண்டைன்னு நெனச்சிகினோம்."

"சண்டையா?"

"புருசன் பொண்டாட்டி சண்டை. வூட்ல நடக்காததா? என் சம்சாரம்கூட அந்த எட்டாவது வரும்போதெல்லாம் என்னிய ஒரு பார்வ பார்க்கும். சரிங்க, வேற இன்னா விசயம்?"

வேறு விஷயம் ஒன்றும் இல்லை.

முதலாளி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு நிமிச வேலை. திருப்பி உட்டுட்டுப் போங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. நான் மவுசைப் பிடித்து எட்டாவது அன்னத்தை வளைத்துத் தேர்ந்தெடுத்தேன், திருப்பினேன். எட்டும் மூக்கோடு மூக்காக, பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி ஒழுங்காக நின்றன.

லென்ஸ் கொஞ்ச நேரம் பார்த்தார். "வேணாம். பழையபடியே வெச்சிரு."

"ஏண்ணா? இப்பதான் கரெக்டா இருக்குது."

"இத்தினி வருசமா கட்டிகினு போனவங்க இருக்காங்களே. இப்ப நான் இத கரெக்டாக்கிட்டா, அவங்க கட்டியிருக்கிறதெல்லாம் தப்புன்னு ஆயிடும். அது அவங்க கல்யாணச் சேலை."

நான் பழையபடி வைத்தேன். எட்டாவது அன்னம் மறுபடியும் முதுகைக் காட்டியது.

அன்றிலிருந்து அவருக்கு வேறு வியாதி பிடித்துக்கொண்டது. டிசைன் முடிந்ததும் எழுந்து, மானிட்டரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து, வாசற்படி வரைக்கும் போய் நின்று பார்ப்பார். உள்ளே வருகிற ஜவுளிக்காரர்கள் அவர் முதுகில் முட்டிக்கொள்வார்கள். ஒரு முறை தெருவுக்கே போய்விட்டார், ஒரு டிவிஎஸ் பிப்டிக்காரர் சடன் பிரேக் போட்டுத் திட்டினார். பார்த்து முடித்ததும், "இன்ஜினியரம்மா, நீ ஒரு தபா பாத்துடு. அப்புறம் அனுப்பலாம்" என்பார். இது நான் சென்னைக்குக் கிளம்பும் நாள்வரை நடந்தது.

இப்போது எனக்கு ஆபீசில் இரண்டு மானிட்டர். மூலைக்கு மூலை எத்தனை இஞ்ச் என்று கேட்டால் தெரியாது. அகலம் தெரியும், டேப் வைத்து அளந்திருக்கிறேன். போன மாதம் தாம்பரத்தில் கூட வேலை செய்யும் தோழிக்குக் கல்யாணம். மேடையேறிப் பரிசைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது, அரக்குக் கூறைச் சேலையில் ஒரு அன்னம் தெரிந்தது. அப்படியே குந்திவிட்டேன். ஒன்று, இரண்டு என்று கொசுவத்தைத் தள்ளித் தள்ளிப் போனேன். மாப்பிள்ளை ஒதுங்கி நின்றார். வீடியோக்காரர் லைட்டை என்மேல் திருப்பினார்.

"ஏய், என்னடி பண்ற?" என்றாள் தோழி.

"ஒரு நிமிஷம் அசையாம நில்லு."

எட்டாவது அங்கேயே இருந்தது, கழுத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு கட்டம் பிசகாமல். படம் எடுத்து லென்ஸுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"இன்னும் பேசிக்கல போல. சரி, ரெண்டும் சேர்ந்துதானே இருக்குது. நீ சாப்டியா?"

பந்திக்குப் போகிற வழியெல்லாம் கண்ணுக்கு எல்லாமே கலங்கலாகத் தெரிந்தது. மானிட்டர்மேல் பழி போட, பக்கத்தில் மானிட்டரும் இல்லை.